கைப்பிடியை விடுங்கள்

போன இதழில் ஒரு தாய், சக்கர நாற்காலியில் இருக்கும் மகனைக் கை உளையாமல் எப்படித் தள்ளிக்கொண்டு போவது என்று கேட்டிருந்தார். "தள்ளாதீர்கள், அவனுக்கு ஓட்டப் பழக்குங்கள்" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். அப்படித் தாவியது பிழை என்று இந்த மாதம் வந்த கடிதக் கட்டு சொல்கிறது. சிலர் திட்டியிருக்கிறார்கள், சிலர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் இரண்டையும் ஒரே தாளில் செய்திருக்கிறார். ஆகவே காணிப் பிரச்சினையும் மாமியார் பிரச்சினையும் அடுத்த மாதம், இந்தப் பக்கம் முழுக்கச் சில்லுதான். புதிதாக வாசிப்பவர்களுக்காக: நான் ஒன்பது வயதிலிருந்து சக்கர நாற்காலியில் இருப்பவள். சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு அதை ஓட்டப் பழக்குகிறேன். வைத்தியர் இல்லை, அதனால் உடம்பு பற்றிய சந்தேகத்தை உங்கள் இயன்மருத்துவரிடமும் ஒரு தரம் கேளுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மம்மா: உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையா பிள்ளை? என் பேரனுக்கு ஏழு வயது, பெருமூளை வாதம், கால் இரண்டும் ஏலாது. விறாந்தையிலிருந்து படலைக்குப் போக அவனுக்கு இருபது நிமிடம் எடுக்கிறது. பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. நான் தள்ளினால் அரை நிமிடம்.

அம்மா, இருபது நிமிடம் எடுக்கட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிந்துகிறது என்றால் அன்றைக்குத் தள்ளுங்கள், மழை இருட்டிக்கொண்டு வந்தால் தள்ளுங்கள், களைத்துப்போய் அவனே கேட்டால் தள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மற்ற நேரத்தில் அந்தக் கையைக் கைப்பிடியில் வைக்காமல் வேறெங்காவது வையுங்கள், வெற்றிலைத் தட்டத்தில் வைத்தாலும் சரி. 'தத்தக்கா பித்தக்கா நாலு கால்' என்று நொடி போடுவோமே, அந்தத் தத்தக்கா பித்தக்காவைத்தான் உங்கள் பேரன் ஏழு வயதில் செய்கிறான். உங்கள் மகள் நடை பழகும்போது விழுந்து விழுந்து எழும்பினாளே, அப்போது நீங்கள் கைதட்டினீர்கள், தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

என் கதை ஒன்று சொல்கிறேன். பதினொரு வயதில் ஒரு கலியாண வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள், கூட்டமாக இருந்ததால் மண்டபத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, பிரேக்கையும் போட்டுவிட்டு, இப்போது வருகிறோம் என்று போனார்கள். பாசமான ஆட்கள்தான், வந்தவுடன் ஐஸ்கிரீம் தந்தார்கள். ஆனால் தாலி கட்டும் நேரம் முழுக்க நான் அந்தத் தூணில் உரிந்த பெயின்ரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக்கை எடுக்க எனக்கு ஒருவரும் காட்டித்தரவில்லை, அது என் நாற்காலி என்றே எனக்குத் தோன்றவில்லை, தள்ளுகிறவர்களுடைய சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதல் பாடம் பிரேக். போடு, எடு, போடு, எடு. எடுத்தால் போகலாம் என்பது கைக்கு விளங்கவேண்டும்.

அடுத்தது தள்ளும் விதம். பக்கத்தில் நின்று வலது சில்லைப் பாருங்கள், அது ஒரு மணிக்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பதினொரு மணியில் வளையத்தை, சில்லின் வெளிப்பக்கத்தில் கையால் பிடித்துத் தள்ளுவதற்கென்று இருக்கிறதே அதை, பிடித்து இரண்டு மணிவரை நீளமாகத் தள்ளிவிட்டுக் கையை விட்டுவிட வேண்டும், கை தானாகக் கீழே தொங்கி, வளையத்துக்குக் கீழால் பின்னுக்குத் திரும்பிவரட்டும். பிள்ளைகள் பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை டக் டக் என்று கொத்துவார்கள். இருபது நிமிடம் எடுப்பதில் பாதி அந்தக் கொத்தலாகத்தான் இருக்கும், தோளையும் அதுதான் கெடுக்கும். திரும்புவதற்கு ஒரு சில்லைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளவேண்டும், நின்ற இடத்திலேயே சுற்ற ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும். முற்றத்தில் நாலு வெறும் தண்ணீர்ப் போத்தல்களை வைத்து, தட்டிவிடாமல் வளைந்து வளைந்து வரச்சொல்லுங்கள். தட்டிவிட்டால் நீங்கள்தான் எடுத்து நிமிர்த்தவேண்டும் என்று சட்டம் போடுங்கள், அப்புறம் அவன் வேண்டுமென்றே தட்டுவான், தட்டட்டும், குறி பார்த்துத் தட்டவும் ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும்தானே.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் கடுமையாக முயற்சிக்கும்போது உடம்பு இறுகும், கால் விறைக்கும், இடுப்பு முன்னுக்கு வழுக்கும். அப்படிக் கண்டால் நிறுத்தி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இருத்திவிட்டுத் தொடருங்கள். பத்து நிமிடப் பழக்கம் நாளுக்கு இரண்டு தரம் போதும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாப்பா: என் மகனுக்கு ஒன்பது வயது. ஒரு விழாவில் அவனுக்கு நாற்காலி தந்தார்கள். சில்லுக்குக் கை எட்டுதில்லை. வளர்ந்தால் சரியாகும் என்கிறார்கள். இப்பவே பழக்கத் தொடங்கலாமா?

வேண்டாம் நானா. முதலில் நாற்காலி, அப்புறம்தான் பழக்கம். வளருவான்தானே என்று பள்ளிச் சட்டையைப் பெரிதாகத் தைப்போம், அது பரவாயில்லை, சட்டை தொளதொளத்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். நாற்காலி தொளதொளத்தால் பிள்ளை ஒரு பக்கம் சரிந்து சரிந்து முதுகு வளையும். எனக்குக் கிடைத்த முதல் நாற்காலியும் பெரிய ஆட்களுடையதுதான். றிபன் கட்டி, படம் எடுத்துத் தந்தார்கள், தந்தவர்கள் பெயர் வேண்டாம், படத்தில் நான் கதிரைக்குள் விழுந்த பூனைக்குட்டி மாதிரி இருப்பேன். இரண்டு கையும் ஒரே நேரத்தில் சில்லைத் தொட்டதில்லை, இடது பக்கம் தள்ளி, பிறகு வலது பக்கம் சரிந்து தள்ளி, பாம்பு மாதிரி ஓடியது வண்டி.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில. மகன் பின்னுக்கு ஒட்டி இருக்கும்போது இருக்கையின் அகலம் அவன் இடுப்பு அகலத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும், இரண்டு பக்கமும் தலையணை செருகுமளவு இடம் இருந்தால் அது அவனுடைய நாற்காலி இல்லை. முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழையவேண்டும். கால் தொங்காமல் மிதிபலகையில் இருக்கவேண்டும். வளையத்தின் உச்சியில் கையை வைத்தால் முழங்கை 'ட' எழுத்து மாதிரி மடியவேண்டும், கொஞ்சம் விரிந்திருந்தாலும் சரி. அப்புறம் மெத்தை, வெறும் துணி இருக்கையில் மணிக்கணக்காக எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இது தெளிவாக இருக்கிறது: அளவெடுப்பது, பொருத்துவது, ஓட்டப் பழக்குவது, பிறகும் வந்து பார்ப்பது, இவ்வளவும் சேர்ந்தால்தான் நாற்காலி கொடுத்ததாக அர்த்தம். ஆகவே கூச்சப்படாமல் தந்தவர்களிடம் திரும்பிப் போங்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது மாட்டுக்குத்தான். அங்கே சரிவராவிட்டால் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் ஆஸ்பத்திரி இயன்மருத்துவரிடமும் அளவோடு எழுதிக் கொடுங்கள். "பிள்ளைக்கு நாற்காலி வேண்டும்" என்று எழுதினால் மறுபடியும் பெரியதுதான் வரும், இடுப்பு அகலம் இத்தனை அங்குலம் என்று எழுதுங்கள்.

சரியானது கையில் வந்தபின் ஒரு விளையாட்டு. உங்கள் ஊர்ப் பாலம் 396 மீற்றர். வீட்டு விறாந்தை 6 மீற்றர் இருக்குமென்றால் 66 தரம் ஓடினால் பாலத்தைக் கடந்த கணக்கு. சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணச்சொல்லுங்கள், ஒரு கிழமை எடுத்தாலும் எடுக்கட்டும். இப்படி ஒரு பிள்ளை என்னிடம் கணக்குப் படித்தது, ஆறாம் வாய்ப்பாடு அதற்கு இப்போது தலைகீழ்ப் பாடம்.

உவர்மலையிலிருந்து, வயது 13: அக்கா, முன்சில்லைத் தூக்கிப் பின்சில்லில் நிற்கிற வீடியோ பார்த்தேன். எனக்கும் பழகவேண்டும். அம்மா சர்க்கஸ் காட்டாதே என்கிறா.

தங்கச்சி, அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. சர்க்கஸ் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் வாசல்படி. நம்முடைய ஊரில் கதவு நிலைக்குக் கீழே ஒரு கட்டை, கடைக்கு முன்னால் வடிகான், வடிகானுக்குமேல் இடைவெளி விட்டுப் போட்ட பலகை, ஒழுங்கைக்குள் கிரவல். இவை எல்லாம் பிடிப்பது உன்னுடைய முன்பக்கத்துச் சின்னச் சில்லைத்தான். அந்தச் சின்னதை ஒரு அங்குலம் தூக்கத் தெரிந்தால் பாதி ஊர் திறந்துவிடும். அதனால் பழகத்தான் வேண்டும், ஆனால் தனியாக இல்லை.

நாற்காலியின் பின்பக்கச் சட்டத்தில், லொறியில் சாமான் கட்டுவார்களே, அந்த மாதிரி உறுதியான பட்டி ஒன்றைக் கட்டி, அதை ஒரு பெரிய ஆள் பின்னால் நின்று கையில் சுற்றிப் பிடித்திருக்கவேண்டும். பட்டி தொய்வாக இருக்கட்டும், நீ விழப்போனால்தான் இறுகவேண்டும். இது என் கண்டுபிடிப்பில்லை, கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய சக்கர நாற்காலித் திறன் பயிற்சியிலும் இப்படித்தான் செய்கிறார்கள், அந்தப் பயிற்சி நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆங்கிலம் தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படங்களைப் பார். உன் நாற்காலியில் பின்னால் கவிழாமல் தடுக்கிற குட்டிச் சில்லு இருந்தால் பழகும் நேரத்தில் மட்டும் கழற்று, மற்ற நேரத்தில் இருக்கட்டும்.

விளக்குமாற்றை உள்ளங்கையில் நிமிர்த்தி விளையாடியிருக்கிறாயா? அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகவேண்டும், மாற்றிக் கொண்டுபோனால் விழும். இதுவும் அதேதான். சில்லைக் கொஞ்சம் பின்னுக்கு உருட்டி, சட்டென்று முன்னுக்குத் தள்ளு, முன்பக்கம் எழும்பும். எழும்பியபின் முதுகு பின்னால் போவது மாதிரி இருந்தால் சில்லைப் பின்னுக்கு இழு, முன்னால் விழுவது மாதிரி இருந்தால் முன்னுக்குத் தள்ளு. பயத்தில் கை இதற்கு நேர்மாறாகச் செய்யும், எல்லாருக்கும் அப்படித்தான், எனக்கு ஒரு மாதம் செய்தது. சில்லை விடாதே, இறுக்கவும் பிடிக்காதே.

அப்புறம் விழப் பழகவேண்டும். ஆமாம், விழுவதும் பாடம்தான். மெத்தையைப் போட்டு, பட்டியைப் பிடித்தபடி மெதுவாகப் பின்னால் கவிழ்த்துவிடச் சொல். நாடியை நெஞ்சில் ஒட்டிக்கொள், பின்மண்டை அடிபடாது. ஒரு கையைத் தொடைக்குக் குறுக்கே நீட்டிப் பிடி, இல்லாவிட்டால் உன் முழங்காலே வந்து மூக்கில் குத்தும். தலைக்கவசம் போடு, அண்ணாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம், அது பாரம், சைக்கிள்காரருடையது போதும். முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்திருந்தால் வைத்தியரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

சரி, சர்க்கஸ். அமெரிக்காவில் ஏரன் ஃபொதரிங்ஹாம் என்று ஒருவர், பிறக்கும்போதே முள்ளந்தண்டு முழுதாக மூடாத ஸ்பைனா பிஃபிடா நிலை உள்ளவர், எட்டு வயதில் அண்ணனோடு ஸ்கேட்போர்ட் விடும் இடத்துக்குப் போய்ச் சறுக்கத் தொடங்கி, 2006 இல், 14 வயதில், சக்கர நாற்காலியோடு அந்தரத்தில் பின்கரணம் அடித்து இறங்கினார். உனக்கு 13. அம்மாவிடம் இந்தப் பந்தியை மட்டும் காட்டாதே.

தம்பலகாமத்திலிருந்து ஒரு ஆசிரியை: எங்கள் பள்ளியில் சாய்வுப்பாதை கட்டிவிட்டோம். ஆனால் மாணவனால் தனியாக ஏறமுடியவில்லை, இரண்டு பேர் தள்ளவேண்டியிருக்கிறது. அவனுக்குப் பயிற்சி போதாதா?

டீச்சர், ஒரு அடிமட்டம் எடுத்துக்கொண்டு போங்கள். 2006 ஆம் ஆண்டின் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் நம்முடைய நாட்டில் இருக்கின்றன, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தவை. கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஒரு அடி உயர வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம். உங்கள் வகுப்பறை வாசலில் 15 சென்றிமீற்றர்ப் படி மூன்று என்று வைத்துக்கொண்டால் உயரம் 45, அதற்குச் சாய்வுப்பாதை 5.4 மீற்றர் வேண்டும். நான் பார்த்த பள்ளிகள் சிலவற்றில் படியின் மேலேயே சீமெந்தைக் கொட்டி ஒன்றரை மீற்றரில் முடித்திருந்தார்கள், மேசன் நல்ல மனசோடுதான் கட்டியிருப்பார், ஆனால் அதில் ஆடுதான் ஏறும். பையனில் பிழை இல்லை.

நீளத்தைச் சரிசெய்தபின் பழக்கலாம். ஏறும்போது மூக்கு முழங்காலை நோக்கிப் போகிற மாதிரி முன்னுக்குக் குனிந்து, சமதரையில் சொன்ன நீளத் தள்ளலை விட்டுவிட்டு, குறுகலாகவும் கெதியாகவும் தள்ளவேண்டும், மேட்டில் கையை எடுத்து ஆறுதலாகத் திரும்பினால் வண்டி பின்னுக்கு வந்துவிடும். இறங்கும்போது முதுகைப் பின்னுக்குச் சாய்த்து, வளையத்தை இரண்டு கைக்குள்ளும் வழுக்கவிடவேண்டும். பிரேக்கைப் போட்டு நிறுத்தப் பார்க்கக்கூடாது, அது நிற்கிற வண்டிக்கான பிரேக். ஒருவர் பின்னால் வரட்டும், தொடாமல். விளையாட்டுப் பாடத்தில் அவனை மரத்தடியில் இருத்திப் புத்தகப் பைகளுக்குக் காவல் வைக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன், நீங்கள் அப்படிச் செய்வதாக எழுதவில்லை, ஆனால் நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பைகளுக்குக் காவல் இருந்தவள்.

நிலாவெளியிலிருந்து ஒரு தாத்தா: வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடுதூரம். பேத்தியை மணலில் கொண்டுபோக முடியாமல் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்கும் ஆசைப்படுகிறாள்.

ஐயா, மணலில் முன்னுக்குத் தள்ளத் தள்ளச் சின்னச் சில்லு கலப்பை மாதிரி உழும். திருப்புங்கள். பேத்தியின் முதுகு கடலைப் பார்க்க, நீங்கள் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள், பெரிய சில்லு முதலில் போனால் புதையாது. அல்லது நாற்காலியைப் பின்னுக்குச் சரித்து, முன்சில்லு மணலைத் தொடாமல் பெரிய சில்லிரண்டில் மட்டும் கொண்டுபோங்கள், அதற்கு உங்கள் முதுகு இடம்கொடுக்கவேண்டும். அலை வந்து இறுகிய ஈர மணலுக்குப் போய்விட்டால் அவளே ஓட்டுவாள், இரண்டு சில்லின் தடமும் பின்னால் நீளமாக வரும், திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள், உப்புக் காற்றே போதும் நாற்காலியைத் தின்ன, உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவேண்டாம்.

கோணேசர் கோயிலுக்கு, கோட்டை வாசலிலிருந்து மேடுதான். நான் முதல்முதல் தனியாகப் போனது பத்தொன்பது வயதில். ஏறுவது கஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள், இறங்குவது பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஏற நாலு இடத்தில் நின்றேன், பாதைக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்தினால் பின்னுக்கு உருளாது, அது தெரிந்திருந்தது. ஒவ்வொரு தரமும் அந்தப் புள்ளிமான்கள் வந்து மடியிலிருந்த வாழைப்பழத்தை மணந்து பார்த்தன. இறங்கும்போது வளையம் கைக்குள் ஓடி ஓடி, கோட்டை வாசலுக்கு வர உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. பேத்திக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள், விரல் வெளியே தெரிகிற சைக்கிள் கையுறை. அவளுக்கு வாழைப்பழமும், மானுக்கு ஒன்றும் கொடுக்காமல்.

சீனக்குடாவிலிருந்து ஒரு தாய்: மகளுக்குக் கையிலும் பலமில்லை. உங்கள் பதில்களில் அவளுக்கு ஏதும் உண்டா?

உண்டு. கையால் தள்ளுவதுதான் ஓட்டம் என்று நான் எழுதியிருந்தால் அது என் பிழை. தசை நலிந்துகொண்டு போகிற பிள்ளைகளைத் தள்ளு தள்ளு என்று களைக்கவைக்கவே கூடாது. மின்நாற்காலியை இரண்டு வயதுப் பிள்ளைகளே ஓட்டிப் பழகியிருக்கிறார்கள், விலைதான் பிரச்சினை. அமெரிக்காவில் டெலவெயர் பல்கலைக்கழகத்திலிருந்து 'கோ பேபி கோ' என்று ஒரு முயற்சி தொடங்கியது. கடையில் விற்கிற பற்றரி விளையாட்டுக் காரை வாங்கி, மிதிக்கிற விசையை எடுத்துவிட்டு, பிள்ளை கையால் அழுத்தக்கூடிய பெரிய பொத்தானாக மாற்றி, முதுகுக்குப் பிடிமானம் வைத்துக் கொடுக்கிறார்கள். உங்கள் ஊரில் வயர் வேலை தெரிந்த தம்பி ஒருவரால் இது முடியும். பொத்தானை அழுத்தினால் தான் நகர்கிறோம் என்று பிள்ளைக்கு விளங்குகிற அந்த முகத்தை ஒரு தரம் பாருங்கள். அதுவரைக்கும், மகளைத் தள்ளும்போது எங்கே போகவேண்டும் என்பதை அவள் சொல்லட்டும், இடது, வலது, நில். நில் என்றால் நிற்கவேண்டும், நடு ரோட்டைத் தவிர.

இன்னொன்று, உணர்ச்சி குறைந்த பிள்ளைகள் எல்லாருக்கும்: அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது முன்னுக்குக் குனிந்தோ பக்கத்துக்குச் சரிந்தோ ஒன்றிரண்டு நிமிடம் இருந்து, இருக்கும் இடத்துக்கு இரத்தம் ஓடவிடவேண்டும். நோகாததால் புண் வருவது தெரியாது. இரவில் உடுப்பு மாற்றும்போது பாருங்கள், சிவந்த இடம் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பாகவே இருந்தால் அடுத்த நாள் கிளினிக்.

மூதூரிலிருந்து: டியூப்பில் காற்று அடிக்கடி இறங்குகிறது. நாற்காலிக் கடை எங்கே இருக்கிறது?

சைக்கிள் கடைக்குப் போங்கள். காற்று, டியூப், கம்பி, பெயரிங், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். முன்சில்லு இறுகினால் மட்டும் நீங்களே பாருங்கள், பத்தில் ஒன்பது தரம் அச்சில் சுற்றிய தலைமயிர்தான்.

பெயர் போடாமல் ஒருவர்: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் கடைசியாக எப்போது விழுந்தீர்கள்?

போன செவ்வாய்க்கிழமை. மீன் சந்தையிலிருந்து வெளியே வரும்போது வடிகான் மூடியின் இடைவெளியில் முன்சில்லு இறங்கி, நான் ஒரு பக்கம், ஒரு கிலோ பாரை மீன் ஒரு பக்கம். இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் கேட்காமலே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்ததில் என் கால் மிதிபலகைக்குள் மாட்டிக்கொண்டது. மற்றவர் ஒரு மீன் வியாபாரி, பூனை வருவதற்கு முன் மீனை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, வேறு பைக்குள் போட்டுக்கொண்டு, "அக்கா, என்ன செய்யட்டும்?" என்று கேட்டு நின்றார். மீனைப் பிடியுங்கள் என்றேன். பிடித்துக்கொண்டே நின்றார், நான் எழும்பி இருந்து, காலைச் சரிசெய்து, மடியைத் தட்டும்வரை.